சாம்பல் குழியும் இரண்டு சாக்குக் கரியும்

நம் பள்ளித் தோழர்கள் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் பழைய கரி என்ஜின் ஒன்று சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு புகை கக்கிப் போகிறது. மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நம்மில் ஒருவன் அனுப்பியது. கீழே நீளமாக எழுதியும் இருந்தான். அந்த நாட்டில் முதலில் ஓடிய ரயில்களுக்கு விறகுதான் போட்டார்களாம். தண்டவாளத்தை ஒட்டிய காடுகள் குறையக் குறைய, பென்சில்வேனியா மலைகளைத் தோண்டிக் கரி எடுத்தார்களாம். சில ரயில் கம்பெனிகள் சுரங்கங்களையே வாங்கிப்போட்டனவாம். அங்கே சின்னப் பையன்கள் சரிவில் வரிசையாக உட்கார்ந்து, ஓடி வரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவார்களாம், விரல் நுனியெல்லாம் கிழிந்து ரத்தம் வருமாம். ‘அந்தப் பிள்ளைகளை நினைத்தால் கண் கலங்குகிறது’ என்று முடித்திருந்தான்.

அதற்குக் கீழே நீங்கள் எல்லாரும் கும்பிடு போட்டீர்கள். அழுகிற முகம் போட்டீர்கள். ‘நம்ம ஊர் பாசஞ்சர் வண்டியோட புகை வாசம் இன்னும் மூக்குல இருக்கு’ என்று ஒருத்தி எழுதினாள். நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

கண் கலங்கியவன் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. ராஜபாளையம் ஸ்டேஷன் ஓரத்தில் என் அம்மா கூடையோடு நடந்து வரும்போதெல்லாம் ‘ஏ கரிச்சட்டி!’ என்று கத்திவிட்டு ஓடுகிறவன் அவன். பென்சில்வேனியாப் பிள்ளைகளுக்காக அழுகிறவனுக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. புகை வாசம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கரியால் யார் வீடு என்னவாயிற்று என்று ஒருவருக்கும் நினைவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளம் என்று தோன்றினால் தள்ளிவிட்டுப் போங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். அப்போது விருதுநகரிலிருந்து தென்காசிப் பக்கம் போகிற வண்டிகளுக்கெல்லாம் கரி என்ஜின்தான். நம் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் ஃபயர்மேன் நீளமான இரும்புக் கம்பியால் அடுப்பைக் கிளறிவிடுவார். தண்டவாளங்களுக்கு நடுவே செங்கல் வைத்துக் கட்டிய குழிக்குள் சாம்பல் பொலபொலவென்று கொட்டும். சிவப்புத் துண்டுகளும் சேர்ந்து விழும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தமும் அழுகிய முட்டை வாசமும் எழும். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இறக்குவீர்களே, அந்த வாசம்தான். வண்டி கிளம்பிய பிறகு அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் கம்பிச் சல்லடையோடு குழிக்குள் இறங்குவார்கள்.

சாம்பலை அள்ளுகிற குத்தகை ஒரு கான்ட்ராக்டரிடம் இருந்தது. பெண்கள் சாம்பலைச் சலிக்க வேண்டும். சாம்பல் முழுக்க அவருடையது. வெந்தும் வேகாமலும் கிடக்கிற கரியைப் பொறுக்கினால் பாதி அவருக்கு, பாதி பொறுக்கியவளுக்கு. கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது. அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்து லேசாக ஆட்டிப் பார்ப்பாள். பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து கனமில்லாமல் இருந்தால் எறிந்துவிடுவாள். நடுவில் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருந்தால் கூடைக்குள் போடுவாள். உதிர்ந்த தூளைக்கூட விடமாட்டாள். களிமண்ணும் சாணியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்துப் பின்சுவரில் காயவைப்பாள். ஆடிக் காற்றில் அது சீக்கிரம் காயும். எங்கள் வீட்டுச் சோறு அந்த உருண்டையில்தான் வெந்தது. ஓட்டை வாளிக்குள் மண் பூசிச் செய்த அடுப்பு அது. இன்று அப்படி ஒன்றை எங்கே தேடினாலும் கிடைக்காது. கிடைக்க வேண்டாம்.

மிச்சக் கரியை அம்மா வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பாள். நம் பூகோள வாத்தியார் வீடும் அதில் ஒன்று. வாத்தியாருக்குக் காலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது. வாத்தியார் வீட்டம்மா கொல்லைக் கதவைத் திறந்து கூடையை வாங்கிக்கொள்வார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என்னை ‘அம்மாயி’ என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் பேச்சில் சின்னப் பெண் என்று அர்த்தம், கையில் ஒரு முறுக்கு கொடுப்பார். வாத்தியார் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எங்களை அவர் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

அந்த ஆடியில்தான் அவர் எங்களுக்கு ரயில் பாடம் நடத்தினார். நடத்துவதில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். போர்டில் என்ஜின் வரைந்தார். அமெரிக்காவில் விறகு எரித்த கதை, காடு அழிந்த கதை, பென்சில்வேனியாக் கரி எல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். வீடியோ அனுப்பியவனும் அன்று என் பெஞ்சுக்குப் பின்னால்தான் இருந்தான். பாடம் முடியும்போது கேட்டார்:

“அமெரிக்காக்காரன் தோண்டி எடுத்தான். நம்ம ஊர் வண்டிக்குக் கரி எங்கேயிருந்து வருது? யார் சொல்லுவீக?”

நான் கை தூக்கினேன். வேகனில் வருகிறது, ஸ்டேஷனில் ஓரத் தண்டவாளத்தில் நிற்கிறது, என்ஜினில் எரிந்தது போக மிச்சம் குழியில் விழுகிறது, அதைத்தான் அம்மா எடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

“வங்காளம், பீகார், ஆந்திரான்னு சொல்லணும். குப்பையில பொறுக்குறதையா நான் கேட்டேன்?” என்றார். வகுப்பு சிரித்தது. நீங்கள் எல்லாரும்தான் சிரித்தீர்கள். அன்று காலை அவர் குளித்த வெந்நீர் அந்தக் குப்பையில் காய்ந்தது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கான்ட்ராக்டரின் டிராக்டரை ஓட்டினார். வெள்ளைச் சட்டைதான் போடுவார். டிராக்டர் ஓட்டுகிறவருக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று அம்மா சலித்துக்கொள்வாள், ஆனால் அவள்தான் அதைத் துவைத்துப் போடுவாள். எங்கே போனாலும் காராச்சேவுப் பொட்டலம் வாங்கி வருவார். ‘தாயி’ என்று என்னைத் தூக்கி மட்கார்டில் உட்காரவைத்து ஊர்கோலம் கூட்டிப் போவார். பிரியமான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வடக்கேயிருந்து வருகிற புதுக் கரி வேகன்கள் செங்கோட்டைப் பக்கம் போவதற்கு முன் நம் ஸ்டேஷனில் சில நாள் நிற்கும். நின்றுவிட்டுப் போகும்போது மேல்மட்டம் இறங்கியிருக்கும். சுண்ணாம்புக் காளவாசலிலும் செங்கல் சூளையிலும் பளபளவென்று புதுக் கரி எரிந்தது. அது எப்படி அங்கே போனது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். டிராக்டரில்தான் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும்தான், தன் புருஷன் ஓட்டுகிற வண்டியில் சாம்பல்தான் போகிறது என்ற நம்பிக்கை.

அம்மாவின் நினைப்பெல்லாம் அப்போது வேறு இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடச் சத்துணவில் ஆயா வேலைக்கு அவள் பெயர் வந்திருந்தது. ஆடி கழிந்ததும் ஆர்டர் கைக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் புளியும் எலுமிச்சைத் தோலும் வைத்துக் கையைத் தேய்ப்பாள். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவே போகாது.

“எதுக்கும்மா இப்படித் தேய்க்க? தோல் உரியப் போகுது” என்பேன்.

“பிள்ளைகளுக்குச் சோறு போடுத கை வெள்ளையா இருக்கணும்லாட்டி” என்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா பின்சுவரில் கரி உருண்டை தட்டிக்கொண்டிருந்தாள். நான் களிமண் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டது. காக்கிச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், கூட ஒரு பெண் போலீசும் வந்தார். வீட்டுக்குள் அவர்கள் நுழையவே இல்லை. யாரோ இடம் சொல்லி அனுப்பியது மாதிரி நேராகக் கொல்லைக்கு வந்து, சாம்பல் குவியலை மூடியிருந்த ஓலைப் பாயை இழுத்து எறிந்தார்கள். அடியில் இரண்டு சாக்கு. வாயைப் பிரித்தால் புதுக் கரி. வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது.

அம்மா கையில் களிமண்ணோடு நின்றாள்.

“எங்கேயிருந்து எடுத்தே?” என்றார் அவர்களில் பெரியவர்.

“நான் பொறுக்குறது அந்தாக் கெடக்கு சார். இது எனக்குத் தெரியாது.”

“ஒனக்குத் தெரியாம ஒன் கொல்லையில மொளைச்சுச்சோ?”

வேலிக்கு வெளியே அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். வருவார், ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டை இறக்கவே இல்லை. அம்மாவுக்கு அந்த நிமிஷமே விஷயம் புரிந்துவிட்டது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் மாறியது என்றுதான் தெரியவில்லை.

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கையைக் கழுவிக்கொள்கிறேன் என்று கேட்டாள், அதற்குக்கூட விடவில்லை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, வேறு ஊரில் ஏட்டாக இருந்தார். அவருக்கு ஆள் போய், அவர் வந்து ஜாமீன் பேசி, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். களிமண் அவள் விரல்களில் காய்ந்து வெடித்திருந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் நடந்த பேச்சை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கவில்லை, அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து கேட்டேன். சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அன்று பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறவில்லை.

மாமாதான் ஆரம்பித்தார். “ஏ தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. கோர்ட்டுல கேட்டா ஆமான்னு சொல்லிரு. முதல் தடவை, அதுவும் பொம்பளை. அபராதத்தோட விட்டுருவாக. அபராதத்தைக் கான்ட்ராக்டர் கட்டிருதேன்னு சொல்லிட்டார்.”

“அண்ணே, நான் எடுத்தேனா?”

“எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா அதைப் போய்ச் சொல்லுங்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு தரையிடம்தான் பேசினார். மேலேயிருந்து சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும், டிராக்டரில் மிச்சம் கிடந்த சாக்குகளை எங்காவது மறைக்கச் சொன்னார்களாம். வேறு இடம் தோன்றவில்லையாம். யாராவது மாட்டினால்தான் சோதனை முடியும் என்று கான்ட்ராக்டரே ஆள்விட்டுக் கொல்லையைக் காட்டிக் கொடுப்பார் என்று அப்பா நினைக்கவில்லையாம். “எம் பேரு வந்தா அவர் பேரும் வரும், விட மாட்டாரு. ஒம் பேரு வந்தா ஒருத்தரும் தோண்ட மாட்டாக. கரி பொறுக்குதவ கரி எடுத்தான்னு போயிரும்” என்றார்.

நீங்கள் இதை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கரி பொறுக்குதவ கரி எடுத்தான்னு போயிரும். ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் சொன்னது இது. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகும் இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அம்மா சத்தம் போடவில்லை. “சத்துணவு வேலைக்குக் கேசு இருக்கான்னு கேப்பாகள்லா?” என்றாள்.

“ஆயா வேலை போனா வேற வேலை பாத்துக்கிடலாம். இவரு வேலை போனா அம்புட்டுப் பேரும் பட்டினி” என்றார் மாமா.

அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: “ஒங்க பேரை நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அப்பா வேணும். ஆனா எம் பேரையும் நான் சொல்ல மாட்டேன்.”

அதற்குப் பிறகு அவர்கள் எவ்வளவோ பேசினார்கள். கெஞ்சினார்கள், திட்டினார்கள். அம்மா எழுந்து உலை வைத்தாள்.

அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை முன்வாசலுக்கு. நான் இத்தனை வருஷம் உங்கள் வீட்டுக்குப் போட்டது வெந்த கரிதான், புதுக் கரி ஒரு துண்டுகூடக் கிடையாது, அதைக் கோர்ட்டில் வந்து சொன்னால் போதும் என்று கேட்டாள். வாத்தியார் பேப்பரை மடித்தார்.

“நான் உத்தியோகத்துல இருக்கவன்மா. ஒன்கிட்ட கரி வாங்குனேன்னு சொன்னா, திருட்டுக் கரி வாங்குனவன்னு என்னையும் சேத்துருவான். நீ பேசாம ஒத்துக்கிட்டுப் போயிரு. சின்ன விஷயம்.”

எல்லாருக்கும் அது சின்ன விஷயம். உள்ளே கதவை ஒட்டி வாத்தியார் வீட்டம்மா நின்றிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் ‘கரிச்சட்டி மக’ என்ற பெயர் ‘கரித்திருடி மக’ என்று மாறியது. அதைச் சொன்னவர்கள் பட்டியலை நான் இங்கே போடப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு முதல் தடவை போனபோது ஊரே ஆடிப்பூரத் தேருக்குக் கிளம்பியிருந்தது. வண்டியில் கால் வைக்க இடமில்லை. பூவும் வேர்வையும் என்ஜின் புகையும் சேர்ந்து ஒரு நெடி. பக்கத்தில் இருந்த கிழவி, “தேருக்கா தாயி?” என்று அம்மாவைக் கேட்டாள். “ஆமா ஆச்சி” என்றாள் அம்மா. அவள் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான். கரித்தூள் ஜன்னல் வழியாக வந்து அவளுடைய ஒரே நல்ல சேலையில் விழுந்தது. தட்டினால் தேய்ந்து கறையாகும் என்று ஊதி ஊதி விட்டாள்.

கோர்ட்டு வாசலில் மாமாவும் வக்கீல் குமாஸ்தாவும் காத்திருந்தார்கள். “ஆமாங்கய்யான்னு ஒரு வார்த்தை. தலையைக் குனிஞ்சுக்கோ. சாயங்காலம் தேர் பாத்துட்டு ஊருக்குப் போயிரலாம்” என்றார் குமாஸ்தா. அப்பா வரவில்லை. டிராக்டர் ஓட்டப் போயிருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“இல்லங்கய்யா. நான் எடுக்கலை.”

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். வெளியே தேர் நிலையை விட்டு அசைந்திருக்க வேண்டும், ஊரே ஓ என்று கூவியது. அந்தச் சத்தத்தில் அம்மா சொன்னது கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னாள்.

அன்றிலிருந்து வாய்தா, வாய்தா. பள்ளியில் நான் வகுப்பு மாறிக்கொண்டே இருந்தேன், கேஸ் அப்படியே இருந்தது. ஆயா வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். சாம்பல் குழிப் பக்கம் அம்மா வரக்கூடாது என்றார் கான்ட்ராக்டர். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் அவளுக்கு நூல் சுற்றுகிற வேலை கிடைத்தது. இப்போது தலையெல்லாம் வெள்ளைப் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். இருமினாள். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். திருடி என்பதற்காக இல்லை, அவள் திருடவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்தானே. பெரியவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக. ‘பிடிவாதக்காரி’ என்று பெயர் வைத்தார்கள். அப்பாவை மட்டும் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவர் இறந்தபோதுகூட ஓர் அத்தை என் காதில் வந்து சொன்னாள்: “எம்புட்டுப் பொறுமைசாலி ஒங்கப்பா. ஒங்கம்மாவோட குடும்பம் நடத்துனார்ல.” சாவு வீடாக இல்லாமல் இருந்தால் அவளை அங்கேயே கேட்டிருப்பேன்.

கான்ட்ராக்டர் பெரிய மனிதரானார். நம் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தாரே, நினைவிருக்கிறதா? பூகோள வாத்தியார்தான் வரவேற்புரை. தொழிலதிபர், கொடை வள்ளல் என்றெல்லாம் வாசித்தார். எனக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. அவர் கையால் வாங்க மாட்டேன் என்று முந்தின நாள் வீட்டில் அழுதேன்.

“எதுக்கு வாங்காம இருக்கணும்? நீ எழுதுனதுக்குத்தான குடுக்காக? போய் வாங்கு. கும்பிடு மட்டும் போடாதே” என்றாள் அம்மா.

அப்படியே செய்தேன். பரிசுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கும்பிடாமல் அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றேன். அவருக்கு நான் யார் என்றே தெரியவில்லை. சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. ஒரு வீட்டை மிதித்துவிட்டுப் போனவருக்கு எந்த வீடு என்றுகூட நினைவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் மரியாதை தெரியாத பிள்ளை என்று வாத்தியார் என் காதைத் திருகினார். நீங்கள் கைதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாய்தாவுக்கு அம்மாவோடு போனேன். கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்தடியில் வாத்தியார் வீட்டம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. பஸ் பிடித்து யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார்.

“ஏம்மா, நான் சொல்லுதேன் இன்னைக்கு” என்றார் அம்மாவிடம்.

“ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?”

“சொல்லுவார். சொல்லட்டும். அன்னைக்குக் கதவுக்குப் பின்னால நின்னேன். அதுலேயிருந்து வெந்நீர் போடும்போதெல்லாம் அதே நெனப்பு.” என் கன்னத்தைத் தொட்டு, “அம்மாயி பெருசாயிட்டா” என்றார்.

கூண்டில் ஏறி, பல வருஷமாக இந்தம்மாவிடம் கரி வாங்கியவள் நான்தான், எல்லாம் ஓட்டை விழுந்த வெந்த கரி, ஒரு நாளும் புதுக் கரி வந்ததில்லை என்றார். இன்னும் கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தால் நன்றாக எரியுமே என்று தான் ஒரு தடவை கேட்டதற்கு, குழியில் விழுவது இதுதான் என்று அம்மா சொன்னதையும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“நீங்க கரி வாங்குனது ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

“அவர் வெந்நீர்ல குளிச்சார். அது எதுல சுட்டுச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.”

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் சிரித்து எனக்குச் சந்தோஷமானது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வாத்தியார் ரொம்ப நாள் வீட்டில் பேசவே இல்லை என்று கேள்விப்பட்டேன். வாத்தியார் வீட்டம்மா அதை என்னிடம் சொன்னபோது, “நிம்மதியா இருந்துச்சு” என்றார்.

தொண்ணூறுகள் பிறந்து, டீசல் என்ஜின் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கிய பிறகு தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்று வாசித்தார்கள். வெளியே வந்ததும் அம்மா வக்கீலைக் கேட்டாள்.

“அப்ப நான் எடுக்கலைன்னு சொல்லலையா சார்?”

“விடுதலைன்னா அதுதாம்மா. அப்படித்தான் எழுதுவாங்க.”

“எடுக்கலைன்னு எழுதுனா என்ன கொறைஞ்சு போவும்?”

வக்கீல் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அம்மா கோர்ட்டுப் படியிலேயே நின்றாள். அவள் இளமை முழுக்க அந்தப் படிகளில் ஏறி இறங்கியே போயிருந்தது. கிடைத்தது சந்தேகத்தின் பலன்.

அன்று முதல் தடவையாக அப்பா கோர்ட்டுக்கு வந்திருந்தார். உள்ளே வரவில்லை, ரோட்டோரம் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் எதிரே இருந்த கடைக்குப் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்து அம்மா முன்னால் நீட்டினார். இன்னும் சூடு ஆறாமல் நெய் காகிதத்தில் ஊறியிருந்தது.

“எடுத்துக்கோ. அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா.”

அம்மா பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வீட்டில் அந்தப் பேச்சு நடந்த நாளிலிருந்து அவள் அவரிடம் அந்த விஷயத்தைப் பேசியதே கிடையாது. சோறு போட்டாள், சட்டை துவைத்துக் கொடுத்தாள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றினாள். இதை மட்டும் பேசவில்லை. அன்றுதான் பேசினாள், ரோட்டில் வைத்து, சத்தமில்லாமல்.

“எனக்கு முடிஞ்சு போச்சு. அரைகுறையோ முழுசோ, என்னை விடுதலை பண்ண ஒரு கோர்ட்டு இருந்துச்சு. ஒங்களை யாரு பண்ணுவா?”

அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. ஈ ஒன்று பொட்டலத்தில் வந்து உட்கார்ந்தது, அதை விரட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.

நாங்கள் முன்பக்கம் ஏறினோம். அவர் பின்பக்கமாக ஏறிக்கொண்டார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைக் கம்பியில் சாய்த்தாள். வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். பகலில் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்து, மடியில் கைகள் மலர்ந்து கிடக்க, சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கினாள். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி சீட்டில் அப்பா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபாளையம் வந்து சேரும்வரை அவர் கண் மூடவில்லை.